கையில் அடிபட்டால் கடைக்காரர் பார்க்க வேண்டியவை



நமது தொழில் கையை நம்பி நடக்கிற தொழில். லாரியிலிருந்து மூட்டை இறக்குவது முதல் எடை போடுவது, பொட்டலம் மடிப்பது, பில் எழுதுவது, பணம் எண்ணுவது வரை கை இல்லாமல் ஒன்றும் நடக்காது. அப்படியிருந்தும் கையில் அடிபட்டால் பல கடைகளில் நடப்பது என்ன? வெட்டுக்காயம் என்றால் பக்கத்து டப்பாவிலிருந்து காப்பித்தூளை அள்ளி அப்புவார்கள். ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டு வீங்கினால், “சுளுக்குத்தான், எண்ணெய் போட்டு உருவினால் சரியாகிவிடும்” என்பார்கள். விரல் நுனி மடங்கவில்லை என்றால், “வீக்கம் வற்றட்டும், பார்க்கலாம்” என்பார்கள். ஒரு மாதம் கழித்து டாக்டரிடம் போனால், “முதல் நாளே வந்திருக்கக் கூடாதா?” என்று கேட்பார்.

நாம் பள்ளிப் படிப்போடு மண்டிக்கு வந்தவர்கள். மருத்துவர்கள் அல்லர். ஆகவே வைத்தியம் சொல்வது இக்கட்டுரையின் நோக்கம் அல்ல. அடிபட்ட ஆளை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டுமா, அன்று மாலைக்குள் காட்டினால் போதுமா, இரண்டொரு நாள் பொறுத்துப் பார்க்கலாமா என்ற ஒரு தீர்மானத்தைக் கடையில் இருக்கிற நாம்தான் முதலில் எடுக்கிறோம். அதைச் சரியாக எடுப்பது எப்படி என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கையைப் பொறுத்தவரை காயம் எவ்வளவு பெரிது, ரத்தம் எவ்வளவு போயிற்று என்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. சாக்கின் வெளிப்புறத்தைப் பார்த்து நாம் பருப்பின் தரத்தைத் தீர்மானிப்பதில்லை. குத்தூசி போட்டு மாதிரி எடுத்துப் பார்க்கிறோம் அல்லவா? அதுபோலக் கை தன் வேலைகளை ஒழுங்காகச் செய்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். அரை அங்குலக் கீறலுக்குள் ஒரு நரம்பும் தசைநாரும் அறுந்து கிடக்கலாம். வீக்கமே இல்லாத மணிக்கட்டில் எலும்பு முறிந்திருக்கலாம்.

பார்க்கும் முறை

சரக்கு வந்தால் நாம் ஒரு வரிசைப்படி சரிபார்ப்பதுபோல, இதற்கும் ஐந்து படிகள் உண்டு.

முதலாவது, கேட்பது. எப்படி அடிபட்டது? கையை ஊன்றி விழுந்தாரா, ஷட்டரில் நசுங்கியதா, கத்தி பட்டதா, கொக்கி குத்தியதா? அடிபட்ட விதம் தெரிந்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். சர்க்கரை வியாதி உண்டா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பார்ப்பது. இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டச் சொல்லி ஒப்பிட வேண்டும். நல்ல கைதான் நமக்குப் படிக்கல். வீக்கம், கோணல், நிற மாற்றம் எல்லாம் ஒப்பிடும்போதுதான் தெரியும்.

மூன்றாவது, தொடுவது. வலிக்கிற இடத்தை மட்டும் அமுக்காமல், தூரத்திலிருந்து ஒரு விரலால் மெல்ல அமுக்கிக்கொண்டே வந்தால், ஒரே ஒரு இடத்தில் சுருக்கென்று வலிக்கும். எலும்பின் மேல் அப்படி ஒரு புள்ளியில் வலித்தால் முறிவு என்று சந்தேகிக்க வேண்டும்.

நான்காவது, அசைப்பது. அவராகவே மடக்கி நீட்டச் சொல்ல வேண்டும். நாம் பிடித்து இழுக்கவோ திருகவோ கூடாது.

ஐந்தாவது, உணர்வும் ரத்த ஓட்டமும். கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஒவ்வொரு விரல் நுனியின் இரு பக்கத்தையும் பேனா முனையால் மெல்லத் தொட்டு, தெரிகிறதா, மற்றக் கையில் தெரிவதுபோல் தெரிகிறதா என்று கேட்க வேண்டும். பிறகு நகத்தை அமுக்கிவிட்டால் அது வெளுத்து, இரண்டு விநாடிக்குள் பழைய சிவப்பு திரும்ப வேண்டும். விரல் வெளுத்தோ நீலம் பாரித்தோ சில்லென்று இருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது.

இந்த ஐந்தையும் தொடங்கும் முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மோதிரம், வளையல், கைக்கடிகாரம், கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். வீங்கிய பிறகு மோதிரம் கழலாது. அது விரலின் ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும்.

முழங்கை

ஸ்டூலிலிருந்தோ ஏணியிலிருந்தோ விழுகிறவர் இயற்கையாகவே கையை நீட்டி ஊன்றுவார். அந்த அதிர்ச்சி முழங்கை வரை ஏறும். அவரைக் கையை முழுவதும் நீட்டச் சொல்லுங்கள். நல்ல கை அளவுக்கு நீட்ட முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்பும்போது முழங்கையின் வெளிப்பக்கம் வலித்தால், அங்கே இருக்கிற ஆர எலும்பின் தலையில் கீறல் விட்டிருக்கலாம். இது வெளியே பெரிய வீக்கம் காட்டாது. முழங்கை நுனி எலும்பு பின்னால் துருத்திக்கொண்டு கை கோணலாக நின்றால் மூட்டு விலகியிருக்கிறது என்று அர்த்தம். அதை இழுத்துப் போட முயலாமல், இருக்கிற நிலையிலேயே துண்டால் தூளி கட்டி அனுப்ப வேண்டும்.

குழந்தைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைக்கு வந்த இடத்தில் சின்னப் பிள்ளையை ஒரு கையைப் பிடித்துத் தூக்கியதும், பிள்ளை அழுது அந்தக் கையை அசைக்காமல் தொங்கவிட்டுக்கொள்வதைப் பார்த்திருப்போம். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முழங்கையில் எலும்பு சற்று நழுவுவதால் இது வருகிறது. வீக்கம் இருக்காது. டாக்டர் ஒரு நொடியில் சரிசெய்துவிடுவார். ஆனால் பிள்ளை விழுந்து முழங்கை வீங்கியிருந்தால் அது வேறு சங்கதி. முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்து, பக்கத்தில் ஓடுகிற ரத்தக் குழாயையும் நரம்பையும் அழுத்தலாம். கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் தொடும்படி ஒரு வட்டம் போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். போட முடியவில்லை என்றாலோ, மணிக்கட்டில் நாடி கிடைக்கவில்லை என்றாலோ அது அவசரம்.

அடிபடாமலே வருகிற முழங்கை வலிகளும் நம் தொழிலில் உண்டு. முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முனையில் வலி, டின்னைத் தூக்கும்போதும் பாத்திரம் பிழியும்போதும் அதிகமாவது, ‘டென்னிஸ் எல்போ’ என்று டாக்டர்கள் சொல்வது. டென்னிஸ் மட்டையைத் தொடாத நம் ஆட்களுக்கும் இது தாராளமாக வருகிறது. உள்ளங்கை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துத் தூக்கினால் இது கூடும். உள்ளங்கை மேல்நோக்கி, சுமை உடம்பை ஒட்டி இருக்கும்படி தூக்கினால் குறையும். இதற்கு அவசரம் இல்லை. ஓய்வும் பயிற்சியும் போதும், ஆனால் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

கல்லாவில் உட்கார்ந்து நாள் முழுதும் முழங்கையை மேஜை விளிம்பில் ஊன்றுகிற முதலாளிகளுக்கு வேறு இரண்டு தொல்லைகள் வரும். ஒன்று, முழங்கை நுனியில் எலுமிச்சம்பழம் போல நீர் கோத்த வீக்கம். வலியில்லாமல் மெதுவாக வந்தால் பயமில்லை. சிவந்து சூடாக இருந்து காய்ச்சலும் அடித்தால் சீழ் பிடித்திருக்கிறது, அன்றே காட்ட வேண்டும். மற்றொன்று, சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் மரத்துப் போவது. முழங்கையின் உட்பக்கப் பள்ளத்தில் ஓடுகிற நரம்பு அழுந்துவதால் வருவது. மேஜையில் ஒரு துணி மெத்தை போட்டுக்கொள்வதோடு விட்டுவிடாமல், பிடி தளர்கிறதா என்று கவனித்து டாக்டரிடமும் காட்ட வேண்டும்.

முன்கை

முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இரண்டு எலும்புகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஒன்று முறிந்தால் மற்றொன்றோ அதன் மூட்டோ பெரும்பாலும் பாதிக்கப்பட்டிருக்கும். ஆகவே நடுவில் அடிபட்டாலும் முழங்கை, மணிக்கட்டு இரண்டும் சேர்ந்து வருகிற மாதிரி எக்ஸ்ரே எடுப்பதுதான் முறை. அனுப்பும்போது பிஸ்கட் பெட்டி அட்டையை நீளமாக வெட்டி, முன்கைக்கு அடியில் கொடுத்து, துண்டால் தளரக் கட்டினால் போதும்.

‘தளர’ என்ற சொல்லைக் கவனிக்கக் கேட்டுக்கொள்கிறோம். முன்கையில் தசைகள் ஒரு உறைக்குள் அடைபட்டிருக்கின்றன. முறிவினாலோ நசுங்கலினாலோ உள்ளே வீங்கும்போது, மேலே இறுக்கமான கட்டும் இருந்தால், தசைக்கு ரத்தம் போகாமல் ஆறு மணி நேரம் அளவிலேயே அது சாகத் தொடங்கிவிடும். பிறகு தசை சுருங்கி, விரல்கள் மடங்கியே நின்றுவிடும். ஜெர்மனியைச் சேர்ந்த ரிச்சர்ட் ஃபோன் ஃபோல்க்மன் என்ற அறுவை மருத்துவர் இறுகக் கட்டிய கட்டுகளால் வருகிற இந்த ஊனத்தை 1881-ஆம் ஆண்டே விவரித்துவிட்டார். நூற்றைம்பது ஆண்டுகள் ஆகப் போகின்றன. இன்னும் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிய கட்டோடு, விரல் கறுத்துப் போய் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதற்கு அடையாளம்: அடிக்குப் பொருந்தாத அளவுக்கு வலி நேரம் ஆக ஆகக் கூடிக்கொண்டே போகும். மாத்திரைக்குக் கேட்காது. விரல்களை மற்றவர் மெல்ல நீட்டிவிட்டால் முன்கையில் உயிர் போகிற வலி எடுக்கும். விரல் மரக்கும். நாடி ஓடிக்கொண்டிருந்தாலும் இது இருக்கலாம் என்பதால், நாடி இருக்கிறதே என்று ஆறுதல் அடைந்துவிடக் கூடாது. கட்டு போட்டவர் யாராக இருந்தாலும், மாவுக்கட்டாகவே இருந்தாலும், இந்த அறிகுறி வந்தால் நடு இரவானாலும் போய்த் தளர்த்தச் சொல்ல வேண்டும்.

மணிக்கட்டு

ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், அதிலும் பெண்கள், கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஆர எலும்பு முறிவது மிகச் சாதாரணம். பக்கவாட்டில் பார்த்தால் சாப்பாட்டு முள்கரண்டியைக் கவிழ்த்து வைத்தாற்போல் ஒரு வளைவு தெரியும். டப்ளின் நகரத்து ஆப்ரகாம் காலிஸ் என்பவர் 1814-இல் இதை எழுதிவைத்தார். எக்ஸ்ரேயை ரான்ட்ஜென் கண்டுபிடித்ததே 1895-இல்தான். அதற்கு 81 ஆண்டு முன்பே கண்ணால் பார்த்தும் கையால் தொட்டும் ஒருவர் இதைச் சரியாகச் சொல்லியிருக்கிறார் என்றால், ஒழுங்காகப் பார்ப்பதன் அருமை நமக்குப் புரிய வேண்டும்.

ஆனால் மணிக்கட்டில் நம்மை மிக ஏமாற்றுவது வேறு ஒரு எலும்பு. கட்டைவிரலை மேலே விறைப்பாகத் தூக்கிப் பாருங்கள். அதன் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில், இரண்டு நாண்களுக்கு நடுவே ஒரு குழி விழும். அந்தக் காலத்தில் மூக்குப்பொடியை அதில் வைத்து உறிஞ்சுவார்களாம். அதனால் வெள்ளைக்கார டாக்டர்கள் அதற்குப் பொடி டப்பி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பொடி விற்ற நமக்கு இந்த இடம் மறக்காது. கையை ஊன்றி விழுந்த ஒருவருக்கு அந்தக் குழியில் அமுக்கினால் வலிக்கிறது என்றால், படகு வடிவத்தில் உள்ள ஒரு சிறு எலும்பு முறிந்திருக்கலாம். பெரும்பாலும் இது வாலிபப் பையன்களுக்கு வருகிறது. வீக்கம் கொஞ்சம்தான் இருக்கும், வலியும் தாங்கும்படி இருக்கும், அவன் மூட்டையும் தூக்குவான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. முதல் நாள் எக்ஸ்ரேயில் இந்த முறிவு தெரியாமல் போகலாம். அதனால் குழியில் வலி இருந்தால், படம் நன்றாக இருந்தாலும் டாக்டர் கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி படம் எடுப்பார், அல்லது ஸ்கேன் பார்ப்பார். “படத்தில் ஒன்றும் இல்லையே, எதற்குக் கட்டு?” என்று நாமே அவிழ்த்துவிடக் கூடாது. இந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கமிருந்து பின்னோக்கித்தான் வருகிறது. நடுவில் முறிந்தால் பின் துண்டுக்கு ரத்தம் இல்லாமல் அது ஒட்டாமலே போகும். சில வருஷங்களில் மணிக்கட்டே தேய்ந்து, இருபத்தைந்து வயதில் தூக்கிய எடையை முப்பத்தைந்தில் தூக்க முடியாமல் போய்விடும்.

அடிபடாமல் வருகிற மணிக்கட்டு நோய்கள் இரண்டு. ஓயாமல் பொட்டலம் கட்டுகிறவர்களுக்கும், கைக்குழந்தையைத் தூக்குகிற தாய்மார்களுக்கும் கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் வலி வரும். கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெல்லச் சாய்த்தால் ‘ஐயோ’ என்று கத்தும்படி வலித்தால் இதுதான். ஸ்விட்சர்லாந்து மருத்துவர் தெ கெர்வான் 1895-இல் விவரித்தது. அவர் பெயரிலேயே அழைக்கப்படுகிறது. மற்றொன்று, கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவை மரத்து, இரவில் எழுப்பி, கையை உதறினால் தணிவது. மணிக்கட்டின் உட்பக்கக் குகையில் நரம்பு நெருக்கப்படுவதால் வருகிறது. சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதிகம். இரண்டு புறங்கைகளையும் ஒட்டி, மணிக்கட்டு மடங்கும்படி ஒரு நிமிஷம் வைத்திருந்தால் மரப்பு கூடுகிறதா என்று பார்க்கலாம். அவசரமில்லை. ஆனால் கட்டைவிரல் அடிச்சதை வற்றத் தொடங்கும் வரை விட்டுவிட்டால் போன பலம் முழுதும் திரும்புவது கடினம்.

கையும் விரல்களும்

டின் வெட்டும்போதும், சாக்குத் தைக்கும்போதும், பாட்டில் உடையும்போதும் வெட்டுக்காயம் வருகிறது. முதலில் சுத்தமான துணியை வைத்து விடாமல் பத்து நிமிஷம் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைத்தால் ரத்தம் பெரும்பாலும் நின்றுவிடும். அடிக்கடி எடுத்துப் பார்த்தால் நிற்காது. காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு, சர்க்கரை எதுவும் வேண்டாம். அவை நாம் விற்கிற சரக்குகள், மருந்துகள் அல்ல. அப்பிவிட்டால் டாக்டர் உள்ளே என்ன அறுந்திருக்கிறது என்று பார்க்கவே முடியாமல், அதைக் கழுவி எடுக்க வேண்டியிருக்கும்.

பிறகு சோதனை. விரலின் நடு மூட்டை நாம் நேராகப் பிடித்துக்கொண்டு, நுனியை மட்டும் மடக்கச் சொல்ல வேண்டும். மடங்காவிட்டால் ஆழத்துத் தசைநார் அறுந்திருக்கிறது. அடுத்து மற்ற மூன்று விரல்களையும் நேராகப் பிடித்துக்கொண்டு, அடிபட்ட விரலை நடு மூட்டில் மடக்கச் சொல்ல வேண்டும். அது மேல் தசைநாருக்கான சோதனை. புறங்கையில் வெட்டு என்றால் உள்ளங்கையை மேஜையில் வைத்து ஒவ்வொரு விரலாகத் தூக்கச் சொல்ல வேண்டும். மடங்கினாலும் வலியோடு பலமின்றி மடங்கினால் நார் பாதி அறுந்திருக்கலாம். அறுந்த நாரை முதல் சில நாட்களில் தைத்தால் ஒரு அறுவையில் முடியும். வாரக்கணக்கில் விட்டுவிட்டால் அறுந்த நுனி உள்ளே சுருங்கிப்போய், இரண்டு அறுவை வரை தேவைப்படலாம். அதனால்தான் மேல் தோலை மட்டும் இரண்டு தையல் போட்டுக்கொண்டு வருவது போதாது என்கிறோம்.

பெட்டியோ மூட்டையோ விரல் நுனியில் இடித்து, நுனி தொங்கிப்போய், தானாக நிமிர்த்த முடியாவிட்டால் நிமிர்த்துகிற நார் அறுந்திருக்கிறது. நுனியை நேராக வைத்து 6 முதல் 8 வாரம் வரை ஒரு முறைகூட மடங்காமல் பட்டை போட்டிருந்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். குளிக்கும்போது ஒரு தடவை மடங்கினாலும் முதலிலிருந்து எண்ண வேண்டும்.

கட்டைவிரல் பின்பக்கமாக இழுபட்டு அதன் அடி மூட்டு வீங்கினால், ஒரு ரூபாய் நோட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடிக்கச் சொல்லி, நாம் மெல்ல இழுத்துப் பார்க்கலாம். பிடி நிற்காவிட்டால் மூட்டின் கட்டு அறுந்திருக்கலாம். அன்றே காட்ட வேண்டும்.

புறங்கையில் அடி என்றால் கையை மூடச் சொல்லி விரல் நுனிகளைப் பாருங்கள். நான்கும் கட்டைவிரலின் அடிப்பக்கம் நோக்கிச் சாய வேண்டும். ஒன்று இன்னொன்றின்மேல் ஏறினால் எலும்பு முறிந்து திருகியிருக்கிறது. நீட்டிய கையில் இது தெரியாது.

ஷட்டரில் நசுங்கிய விரலில் நகத்தடியில் ரத்தம் கட்டி விண்விண் என்று தெறிக்கும். அதை டாக்டர் சிறு துளை போட்டு வடித்துவிடுவார். நாம் ஊசியால் குத்தக் கூடாது. நகம் பெயர்ந்திருந்தாலும் நுனி கோணியிருந்தாலும் எக்ஸ்ரே வேண்டும்.

கொக்கியோ கோணி ஊசியோ குத்தூசியோ உள்ளங்கைப் பக்கம் குத்தினால் வெளியே ஒரு புள்ளிதான் தெரியும். இரண்டாம் நாள் விரல் முழுதும் ஒரே சீராக வீங்கி, பாதி மடங்கியே நின்று, உட்பக்கம் நெடுக அமுக்கினால் வலித்து, நிமிர்த்தினால் தாங்க முடியாவிட்டால், தசைநாரின் உறைக்குள் சீழ் பிடித்திருக்கிறது. இது அறுவை வரை போகிற அவசரம். சர்க்கரை வியாதி உள்ளவருக்கு இரண்டு மடங்கு அவசரம். அழுக்கான குத்துக்காயமாக இருந்து, கடைசியாக ரணஜன்னி ஊசி போட்டு 5 ஆண்டு கடந்திருந்தால் மறுபடி போட வேண்டும்.

விரல் துண்டானால் பதறாமல் துண்டைத் தேடி எடுக்க வேண்டும். சுத்தமான துணியை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்து அதில் சுற்றி, கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் தண்ணீருக்குள் வைக்க வேண்டும். துண்டு நேராக ஐஸில் படக் கூடாது. பாலிலோ ஸ்பிரிட்டிலோ ஊறப்போடக் கூடாது. ஒட்ட முடியுமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆகவே நசுங்கியிருந்தாலும் கொண்டுபோக வேண்டும். 108-ஐ அழைத்து, கை அறுவை வசதி உள்ள இடத்துக்கே நேராகப் போவது நல்லது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று இன்றே விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வலி இல்லாத கை

சர்க்கரை வியாதியால் உணர்வு மங்கிய கையைப் பற்றி ஒரு வார்த்தை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் முடங்கிய விரல்களை அறுவை செய்து இயங்க வைத்தவர். விரல்கள் நோயினால் தானாக அழுகி உதிர்வதில்லை, உணர்வு போனதால் வலி தெரியாமல் அடிபட்டு, சுட்டு, சீழ் பிடித்தே அழிகின்றன என்பதை எடுத்துக்காட்டியவரும் அவர்தான். ஆகவே வலி இல்லை என்பதை நலத்துக்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வெட்டுப்பட்ட விரலில் ஒரு பக்கம் உணர்வு இல்லை என்றால், அந்தப் பக்க நரம்பு அறுந்திருக்கிறது என்றே வைத்துக்கொண்டு அனுப்ப வேண்டும்.

முதலாளியின் பொறுப்பு

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-இல் வந்தது. பின்னால் திருத்தப்பட்ட அதன் அட்டவணை, கட்டைவிரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போயிற்று என்று கணக்கிட்டது. ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கோ சுண்டுவிரலுக்கோ 7, ஒரு கையின் நான்கு விரல்களுக்கு 50 சதவீதம். சட்டங்கள் மாறலாம். மூட்டை தூக்கிப் பிழைக்கிறவருக்கு அந்த விரல்தான் முதல் என்பது மாறாது. நமக்கு முதல் போனால் கடன் வாங்கியாவது மறுபடி போடலாம். அவருக்கு அந்த வழி கிடையாது.

அடிபட்ட ஆள் தானாக “ஆஸ்பத்திரிக்குப் போகணும்” என்று சொல்ல மாட்டார். அன்றைய கூலி போய்விடும் என்ற பயம் இருக்கும். லாரி நிற்கிறதே என்ற எண்ணமும் இருக்கும். “பரவாயில்லை முதலாளி” என்றுதான் சொல்வார். அந்தப் பேச்சை நம்பி விட்டுவிடாமல், மேலே சொன்ன ஐந்து படிகளையும் பார்த்து, சந்தேகம் இருந்தால் நாமே ஆள் துணையோடு அனுப்ப வேண்டும். அன்றைய கூலியும் உண்டு என்று அப்போதே சொல்லிவிட்டால் அவர் தயங்காமல் போவார். இதற்கு ஆகிற செலவு ஒரு மூட்டையின் லாபம்கூட இருக்காது.

கடையில் வைத்திருக்க வேண்டியவை: சுத்தமான பஞ்சுத்துணிக் கட்டு, ஒட்டும் பட்டை, கையுறை, தூளி கட்ட ஒரு முக்கோணத் துணி, அட்டைத் துண்டு, ஆஸ்பத்திரி விலாசமும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு. அதோடு ஏணியின் கால்களுக்கு ரப்பர், ஷட்டருக்கு எண்ணெய், மோதிரத்தோடு மூட்டை தொடக் கூடாது என்ற கட்டுப்பாடு. முன்பு 100 கிலோ சாக்கில் வந்த சர்க்கரை இப்போது 50 கிலோவில் வருகிறது. அதையும் இரண்டிரண்டாக முதுகில் ஏற்ற அனுமதிக்க வேண்டாம்.

இந்தப் பக்கத்தை வெட்டி, முதலுதவிப் பெட்டியின் மூடிக்கு உள்ளே ஒட்டிவைத்துக்கொண்டால், தேவைப்படும் நேரத்தில் தேட வேண்டியிருக்காது. கடைப் பையன்களுக்கும் ஒரு முறை படித்துக் காட்டும்படி உறுப்பினர்கள் அனைவரையும் அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.